நொயலீனின் பச்சை மேசை

கேட்டில் ‘வாசல் விற்பனை, காலை ஏழு மணி’ என்று எழுதியிருந்தும் ஆறு மணிக்கே வந்து நிற்கிறவர்களை நொயலீன் தோட்டக் குழாயால் நனைப்பார். மிரட்டல் இல்லை, உண்மையாகவே நனைப்பார். அடிலெய்டிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி, கையில் டார்ச்சோடு வந்து நிற்கும் பழம்பொருள் வியாபாரிகளுக்கு இது தெரியும். தெரிந்தும் வருகிறார்கள். “செடிக்குத் தண்ணி ஊத்துறேன். நீங்க செடி நடுவுல நின்னா நான் என்ன பண்றது?” என்பார். அந்த இடத்தில் செடி எதுவும் கிடையாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான வையாலாவின் ஜனவரிக் கோடை வெயிலில் அங்கே புல்கூட நிற்பதில்லை.

வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூட வாசலில் ‘நில்’ பலகையைப் பிடித்துப் பிள்ளைகளைப் பத்திரமாகச் சாலையைக் கடக்க வைப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடம் வண்டிக்காரர்களைத் திட்டியதில் குரல் கரகரத்துப் போய்விட்டது. அவர் வண்டிகளைப் பார்ப்பதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பார்ப்பது கால்களை. எவன் ஷூ வாயைப் பிளந்திருக்கிறது, எவள் குதிகாலை வெளியே விட்டு மிதித்து நடக்கிறாள் என்று பார்த்து வைத்து, சாலை ஓய்ந்ததும் ஒரு தாளில் பெயரைக் குறித்துச் சட்டைப் பைக்குள் மடித்து வைப்பார். இந்த வருடம் அந்தத் தாளில் ஒன்பது பெயர்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் தெருவின் எட்டு வீட்டுச் சாமான்களும் அவர் வீட்டு வாசலில் விற்பனைக்கு வரும். பொருள்களில் ஒட்டும் காகித வட்டம் வீட்டுக்கு ஒரு நிறம். சிவப்பு ஒட்டிய பொருள் விற்றால் காசு சிவப்பு வீட்டுக்கு, மஞ்சள் என்றால் மஞ்சள் வீட்டுக்கு. பச்சை மட்டும் எந்த வீட்டுக்கும் கிடையாது. அண்ணன் போட்டது, அத்தை மகள் போட்டது, யாரோ பெயர் தெரியாதவர் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது என்று கைமாறி வந்த எல்லாவற்றுக்கும் பச்சை வட்டம். அவை தனி மேசையில் இருக்கும். அந்த மேசைக் காசில், தாளில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புது ஷூ வாங்கப்படும். வாங்கிக் கொடுப்பது யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

“காசு குடுத்து வாங்கினியா? வித்துக்கோ, காசு உன்னுது. சும்மா வந்துச்சா? சும்மா வந்தத வித்துத் தின்னாதே” என்பது அவர் சட்டம். சட்டை கைமாறலாம், பை கைமாறலாம், சைக்கிள்கூட மாறலாம். ஷூ மட்டும் மாறக் கூடாது என்பது அதன் இரண்டாம் பிரிவு. “ஒரு பிள்ள காலுக்கு வளைஞ்சு குடுத்த ஷூ, அடுத்த பிள்ளைக்கு ஜெயிலு.”

ஏமாற்ற முடியாது. சட்டைக் காலரைத் திருப்பிப் பார்ப்பார். பள்ளிச் சட்டைகளில் பெயர் எழுதியிருக்கும்; ஒன்றை அடித்து அடுத்தது, அதையும் அடித்து இன்னொன்று. எதிர்வீட்டு லெஸ்லி ஒருமுறை பழைய பெயர்களை அழித்துவிட்டுத் தன் வீட்டு நீல வட்டத்தை ஒட்டிக் கொண்டுவந்தாள். நொயலீன் காலரை மூக்கருகே கொண்டுபோனார். “நகப் பாலிஷ் அழிக்கிற தண்ணி. ஏண்டி லெஸ்லி, சட்டைக்கு நகம் மொளச்சிருக்கா?” தெருவே சிரித்தது. லெஸ்லி சிரிக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் நொயலீனோடு பேசவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போய் எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கித் திரும்பிய கோடையில், நான் அவரிடம் பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன்: ஒருவர் கொடுத்த பொருள் வாங்கியவருக்கே சொந்தம், விற்றால் காசும் அவருக்கே, சட்டம் அப்படித்தான். மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை. “வாங்க பட்டதாரி. அந்தச் சட்டத்தக் கால்ல மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போக முடியுமா?” ஒன்பது வயதில் எனக்கும் ஒரு ஷூப் பெட்டி வந்திருந்தது. அந்தக் கோடையில் அவரிடம் மேலே வாதாடாமல் விட்டதற்குக் காரணம் அவர் பதிலா, அந்தப் பெட்டியா என்று எனக்கு நிச்சயமில்லை. அவர் கோபத்தில் நியாயம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரிக்கவும் இன்றுவரை தெரியவில்லை.

இந்தச் சனிக்கிழமை அவருடைய மகள் டானியா ஊரின் மறுகோடியிலிருந்து ஒரு மிதி காரைக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து மிதித்து ஓட்டும் தகரக் கார். அறுபது வருடப் பழசு. எங்கள் தெருவில் வீடு வீடாகச் சுற்றி, கடைசியில் டானியாவின் ஆறு வயது மகள் மேஸியிடம் போயிருந்தது. நொயலீன் தன் கையாலேயே பச்சை வட்டம் ஒட்டி மேசைக்கடியில் நிறுத்தினார். ஏழரைக்குப் பார்த்தால் கார் இல்லை.

“கார் எங்கடி?”

“வித்துட்டேன்.”

“யாருக்கு?”

டானியா பின்சந்தைத் தலையால் காட்டினாள். காலையில் நனைந்த வியாபாரி ஈரச் சட்டையோடு காரைத் தன் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“எவ்வளவுக்கு?”

“அறுநூறு டாலர்.”

யாரோ விசிலடித்தார்கள். போன வருடம் பச்சை மேசை முழுவதுமே முந்நூற்று நாற்பதுதான். நொயலீன் கையை நீட்டினார். “குடு.”

“தர முடியாதும்மா.” உரித்த பச்சை வட்டம் அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை.

“செவ்வாக்கெழம பள்ளிக்கூடம். ஒம்போது பிள்ளைங்க. என் வயித்துல பொறந்துட்டு, ஊர்ப் பிள்ளைங்க வாயில மண்ணு போடுறியா? லெஸ்லிகூட இப்படிப் பண்ண மாட்டா!”

“என்னை எதுக்கு இழுக்கறீங்க?” என்றாள் லெஸ்லி.

“நீ சும்மா இரு.”

“கத்தும்மா, நல்லாக் கத்து” என்றாள் டானியா. “எனக்கு வேல போய் ரெண்டு மாசமாச்சு. நான் வேல பாத்த கடைய மூடிட்டாங்க.”

“எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“எப்பச் சொல்றது? நீ கத்தி முடிச்சதுக்கப்புறமா? உன் பாக்கெட்டுத் தாள்ல எம்பொண்ணு பேர நீ எழுதி, அத இவங்க எல்லாரும் பாக்கணுமா? நொயலீன் பேத்திக்கு நொயலீன் மேசையிலேருந்து ஷூ?” அவள் நோட்டுகளைப் பச்சை மேசைமேல் வீசினாள். “எடுத்துக்கோ. ஊர்ல இருக்கற காலெல்லாம் எண்ணுவியே, இவ கால என்னிக்காவது பாத்தியா?”

பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு நோட்டு காற்றில் பறந்து குழந்தை உடுப்புகளுக்கு நடுவே விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை. மேஸி, கவிழ்த்த பால் கூடைமேல் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நொயலீனின் முகத்தில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதே முகத்தோடு வந்து, வலிக்கும் முட்டியை மடக்கிச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, மேஸியின் ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே இடமே இல்லை.

“வலிக்கலே பாட்டி” என்றாள் மேஸி. “நடந்தா மட்டுந்தான்.”

நொயலீன் நாடாவை அவிழ்த்து ஷூவை உருவினார். மேஸியின் பாதத்தைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தத் தொடங்கினார்.