திரும்பச் சேர்த்த மூன்று நாட்கள்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஓசூரில் ஒரு கம்பெனியில், செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் தினக்கூலியாக இருந்தேன். சுற்று தப்பிவிடுமோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணுவேன். அதனால் என் தட்டில்தான் எப்போதும் உருப்படி குறைவு.

"உன்ன வச்சுக்கினு டார்கெட் வராதும்மா" என்று சூப்பர்வைசர் சொல்லாத நாளில்லை. டைம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அவரே என்னை அங்கே தள்ளிவிட்டார். வருகை அட்டைகளைப் பார்த்து, யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று உள்ளே ஏற்ற வேண்டும். தப்புக்குப் பயப்படுகிற ஆள் போதும் என்றார்களாம். அந்தத் தகுதி என்னிடம் நிறைய இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி குளிரில் ஒரு விரலால் அடித்தேன்.

எதற்கு ஏற்றுகிறோம் என்பது பிறகுதான் புரிந்தது. இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்த தினக்கூலிக்காரர் நிரந்தரம் கேட்கலாம். அதனால் இருநூற்று முப்பதைத் தொட்டவர்களை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் புது ஆளாகச் சேர்ப்பார்கள். நோட்டில் எழுதிய காலத்தில் கிளார்க் மறந்துபோய் சில பேர் தப்பித்தார்கள். இப்போது மாதக் கடைசியில் மிசினே பட்டியல் போட்டது.

மத்திகிரியில் எனக்கு அடுத்த வீட்டு அக்கா என்கூடக் காயில் சுற்றியவள். அவள் வீட்டுக்காரருக்குக் குருபரப்பள்ளியில் ரோட்டோரப் பழக்கடை. லாரி நின்றால்தான் வியாபாரம். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு இருநூற்று முப்பத்தொரு நாள் ஆகிவிடும். டவுன் பஸ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னா பாப்பா, ஏசி ரூமுக்குப் போனதும் எங்களயெல்லாம் கண்ணு தெரியலியா?"

"அப்டியெல்லாம் இல்லக்கா."

"மூணு நாளு நான் வரலன்னு போட்டுடு. இந்த லிஸ்ட்ல வராம இருந்தாப் போதும். அடுத்த லிஸ்ட்டுக்குள்ள எரநூத்தி நாப்பதத் தாண்டிடுவன். கார்டுல நாளு இருக்குதில்ல, அப்பறம் எவனும் அசைக்க முடியாது."

"மூணு நாள் கூலி போயிடுமேக்கா."

"போனாப் போவுது. நீ பயந்து சாவாத. உன்னத் தூக்குலயா போடப் போறாங்க?"

போட்டேன். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆபீசர், வருகை அட்டைகள் இருந்த பெட்டிப் பக்கம் போனாலே அடிப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். வேலையை விட்டுத் துரத்துவார்களோ, போலீசில் கொடுப்பார்களோ? என்னை நிரந்தரமாக்கும் பேச்சும் அப்போதுதான் அடிபட்டது. மறுநாள் காலை, பட்டியல் அச்சாவதற்கு முன்னால், மூன்று நாளையும் திரும்பச் சேர்த்தேன். அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

பட்டியல் வந்த அடுத்த நாள் கேட்டிலேயே செக்யூரிட்டி அவளை நிறுத்தித் திருப்பி அனுப்பினார். சாயங்காலம் குழாயடியில் கேட்டாள்.

"போட்டியா, போடலியா?"

"போட்டேன்க்கா. அப்பறம் எடுத்துட்டேன்."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"யாருமே கேக்கல" என்று தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள். பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்தார்கள்.

என்னை நிரந்தரமாக்கினார்கள். புரோகிராம் எழுதக்கூடக் கற்றுக்கொண்டேன். அந்த அறையில் பல வருஷம் இருந்தேன். அட்டையையும் மிசினையும் ஒருவரும் ஒத்துப் பார்க்கவில்லை. மாதம் முடிந்ததும் அட்டைகளைச் சணலால் கட்டி மாடிப்படிக்கு அடியில் போடுவது என் வேலை. அங்கே எலி கடித்துக் கிடக்கும்.