கலாவதிக்கு எழுதிய பதினெட்டுக் குறிப்புகள்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தின் நூல் கொட்டகையில் மயில்வாகனம் பதினோரு வருஷம் எழுத்தராக இருந்தார். நாற்பத்திரண்டு பேருடைய வருகைப்பதிவேடு அவர் பொறுப்பு. வந்தவர்களுக்குக் கறுப்பு மை, வராதவர்களுக்குச் சிவப்பு. கடைசிக் கட்டத்தில் காய்ச்சல், பிரசவம், சாவு என்று காரணம் எழுதுவார். கலாவதிக்கு மட்டும் அந்தக் கட்டத்தில் 'சாக்கு' என்று விழுந்துகொண்டிருந்தது.

கலாவதி ராட்டையில் நூல் இழைப்பவள். வயது முப்பத்தொன்று. ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். பக்கத்துச் சாயக் கொட்டகையில் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைக்கும் வாடை ஏறினால் போதும், சில நாள் அவள் கண்ணெதிரே வெளிச்சம் நெளியும். பிறகு தலையில் ஒரு பக்கம் மட்டும் இடிக்க ஆரம்பிக்கும். வாந்தியெடுத்து, மறுநாள் வரைக்கும் கண் திறக்கமாட்டாள். தெளிந்ததும் குளித்து, பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாள். அந்தப் பூதான் மயில்வாகனத்துக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து இன்னாம்மா?"

"ஒத்தத் தலவலி சார். எழுந்துக்கவே முடியல."

"தலைவலி எனக்குந்தான் வருது. காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல சார்."

"மகாராணிக்குக் காய்ச்சல்லாம் வராது சார், தலவலிதான்" என்பாள் அடுத்த ராட்டைக்கார வடிவு. கொட்டகையே சிரிக்கும். மயில்வாகனமும் சிரித்துக்கொண்டே எழுதுவார்.

1973 மார்ச்சில் சங்கம் ஆட்குறைப்பு செய்தது. நிரந்தரப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் இனி வேலை. பட்டியலில் சேர வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் வேண்டும். நோயால் வராத நாளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. கலாவதிக்கு இருநூற்று இருபத்தாறுதான் தேறியது. சிவப்பு மை பதினெட்டு நாள். ஒன்றுகூட நோய் என்று இல்லை. அவள் பெயர் விட்டுப்போயிற்று.

சாயத் தொழிலாளி தேவசகாயம்தான் தொழிற்சங்கத்தின் பேரில் மனு எழுதிப் போட்டார். ஏப்ரல் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, தொழிலாளர் அதிகாரி கொட்டகைக்கே வந்து விசாரித்தார். பதிவேட்டைப் புரட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "சாக்கு. சாக்கு. சாக்கு." பதினெட்டையும் விடவில்லை. அவ்வளவு அழகான கையெழுத்து. கலாவதி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"தேவசகாயம் சொல்றது நெசமா? இவங்க வேலை செய்யற எடத்துலயே விழுந்து கெடந்தாங்களாமே. நீங்க பார்த்ததுண்டா?" என்று அதிகாரி மயில்வாகனத்தைக் கேட்டார்.

சங்க மேலாளர் மயில்வாகனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பதிவேட்டில் இருப்பதே செல்லுபடியாகிவிடும். ஆனால் போன வருஷம் ஆகஸ்டு இருபத்திரண்டு அவருக்கு ஞாபகம் இருந்தது. சாயக் கொட்டகைக்குப் பின்னால் அவள் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு முனகிக்கிடந்தாள். பக்கத்தில் வாந்தி. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனார். போய் உட்கார்ந்து எழுதினார்.

"ஒரு நாள் பார்த்தேங்க" என்றார். "அன்னைக்கும் சாக்குன்னுதான் எழுதினேன்."

"ஏன்?"

"மொதல்லேருந்து அப்படியே எழுதிக்கினு வந்துட்டேங்க."

தேவசகாயம், "அடப்பாவி மனுசா" என்றார். அதிகாரி அவரை அடக்கவில்லை. பதினெட்டு நாளையும் நோய் என்று கணக்கிட்டு, இருநூற்று நாற்பத்து நான்கு என்று உத்தரவு எழுதினார். கலாவதி பட்டியலில் சேர்ந்தாள். மேலாளர் அதன்பின் மயில்வாகனத்திடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் பதினோரு மணிக்குக் கலாவதி வந்தாள். தலையில் ஈரத்துணி. ஒரு கண் மூடியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து மேஜை வரைக்கும் வந்து நின்றாள்.

"ஏம்மா, இந்த வெயில்ல இவ்ளோ தூரம்? யார்கிட்டயாவது சொல்லி அனுப்பினா போதாதா?"

"இல்ல சார். நீங்களே ஒருக்கா பார்த்துட்டா நல்லதுன்னு வந்தேன்."

அவள் குரலில் குத்தல் இல்லை. அவருக்கு வசதி செய்துகொடுப்பவள்போலத்தான் நின்றாள். பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தியாம்.

மயில்வாகனம் பதிவேட்டில் அவள் பெயரைத் தேடுவதுபோல விரலை ஓட்டினார்.

"பார்த்துட்டீங்களா சார்? நான் போவட்டா?"

"பார்த்துட்டேன். போம்மா" என்றார், தலை நிமிராமல்.