யானை போட்ட ரூபாய்

சங்குண்ணி எனக்கு ஒரு வெள்ளி ரூபாய் கடன்பட்டிருந்தான். கைமாற்றாக வாங்கிய கடன் இல்லை, பண்டமாற்றுக் கடன். சங்கு முத்திரை போட்ட பழைய கொச்சி அஞ்சல் தலைகள் நான்கை, ஒன்றோடொன்று ஒட்டியபடியே, ஓரம்கூடக் கிழியாமல் அவனுக்குக் கொடுத்தேன். பதிலுக்கு அவன் வீட்டில் இருந்த 1911ஆம் வருஷத்து ரூபாயைத் தருவதாகப் பேச்சு.

அந்த ரூபாயில் வெள்ளைக்கார ராஜாவின் அங்கியில் ஒரு யானை உண்டு. துதிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டார்கள். அது பன்றி என்று ஜனங்கள் சண்டைக்கு வர, வெள்ளைக்காரன் காசைத் திரும்ப வாங்கி உருக்கினான். தப்பியது கொஞ்சம்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கொடுங்கல்லூர் சந்தையில் பழைய இரும்பு பொறுக்கி, இன்று இரண்டு மாடிக் கடை கட்டியிருக்கிறேன். திருச்சூர் நாணயச் சங்கத்தில் பேராசிரியர்களே என் ஆல்பத்தைக் குனிந்துதான் பார்ப்பார்கள். அந்த ராஜாவின் ரூபாய்கள் வருஷ வரிசையில் நிற்கும். 1911க்கான முதல் குழி மட்டும் காலி. பார்க்கிறவன் கண் நேராக அங்கேதான் போகும்.

ரூபாய், சங்குண்ணியின் அம்மா காளிக்குட்டியம்மாவிடம் இருந்தது. கல்யாணமான முதல் விஷுவுக்கு அவர் புருஷன் கொடுத்ததாம். ஒவ்வொரு விஷுவுக்கும் விடிந்ததும் முதலில் கண் விழிக்கிற கணி உருளியில் கொன்றைப்பூவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் நடுவில் அது மினுங்க வேண்டும். அம்மா காலம் வரைக்கும் பொறுக்கச் சொன்னான் சங்குண்ணி. அப்போதே அவருக்கு அறுபது தாண்டியிருந்தது, சரி என்றேன். எண்பது வந்தது, தொண்ணூறும் வந்தது. என் மண்டைதான் வழுக்கையானது.

காத்திருந்ததுகூடப் பெரிதில்லை. விஷுவுக்கு முந்தின நாள் அந்தம்மா விளக்கையும் உருளியையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவார். அதோடு ரூபாயையும் துலக்குவார். பழங்காசுக்கு அதன் கறுப்புதான் அழகு, அதுதான் விலை. தேய்த்தால் செத்தது. இது தெரிந்த நான் வருஷா வருஷம் கடையை அப்படியே போட்டுவிட்டு அங்கே ஓடுவேன்.

"அம்மா, அந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க. யானை தேயுது."

"கறுத்த காச சாமி முன்னாடி வைக்கறதா? உன் வீட்டுல வேணா வையி," என்று புளியைப் பிழிவார்.

ஒரு வருஷம், பதிலுக்குப் புது வெள்ளிக் காசு பத்து தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் அவர் புருஷன் கொடுத்ததா என்று கேட்டார். அப்படியானால் என் அஞ்சல் தலைகளைத் திருப்பித் தா என்று சங்குண்ணியைப் பிடித்தேன். அவன் அவற்றை எப்போதோ ஒரு கோட்டயத்துக்காரனிடம் தள்ளியிருந்தான்.

"கவலப்படாதீங்க பாப்புவேட்டா, போன வருஷம் பாத்தேன். யானைக்கு வாலு இன்னும் இருக்கு," என்று சிரித்தான். அவனை அடிக்காமல் வந்தேன் என்றால் அது என் குணம்.

இந்த விஷுவன்று காலையில் காளிக்குட்டியம்மாவே கூப்பிட்டு அனுப்பினார். போனேன். கணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"கைய நீட்டுடா பாப்பு."

எழுபது வயதில், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விஷுக் கைநீட்டக் காசு கொடுக்கிற கை இது. வேறு வழியில்லாமல் நீட்டினேன்.

"நான் போற வரைக்கும் இவன் கடன் எதுக்கு நிக்கணும்? எடுத்துக்கோ. உனக்குத் தர்றோமேன்னு நேத்து ரெண்டு தடவ தேச்சேன்."

ரூபாய் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ராஜாவுக்கு மூக்கு இல்லை. யானை இருந்த இடம் வழவழவென்றிருந்தது. இதைக் குழியில் வைத்தால் சங்கத்தில் சிரிப்பார்கள். வைக்காவிட்டால் குழி காலி. நான் கையை மூடாமல் நின்றதைப் பார்த்து, போதவில்லை என்று நினைத்துவிட்டார் போல. மடியை அவிழ்த்தார்.

"அது ஒண்ணு. இந்தா, காத்திருந்ததுக்கு வட்டி," என்று புது ஒற்றை ரூபாய்களை எடுத்து, "ரெண்டு, மூணு," என்று எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.