கேட்காமல் எழுதிய கடிதம்

கடைத்தெருவில் என் பெயர் லெட்டர் அண்ணன். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் என் கடை. ஒரு கம்ப்யூட்டர், அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பயோடேட்டாவுக்கு மேல் வைத்து அனுப்புகிற கவர் லெட்டரை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். என் கடிதம் போனால் இன்டர்வியூவுக்காவது கூப்பிட்டுவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறி ரொம்ப நாளாகிறது.

எனக்கு முன்கோபம் வேறு. "கடின உழைப்பாளி, நேர்மையானவர்னு போடுங்க" என்று யாராவது ஆரம்பித்தால் எரிந்து விழுவேன். "ஏம்ப்பா, சோம்பேறி, திருடன்னு எவனாவது எழுதிக் குடுப்பானா? எல்லாரும் இதையே எழுதினா படிக்கிறவனுக்குக் கொட்டாவிதான் வரும்." திட்டி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அதற்குப் பதில் வராமல் கீபோர்டில் கை வைக்க மாட்டேன்.

"நீங்க ஒரு நாள் லீவு போட்டா அங்க என்ன கெட்டுப் போகும்?"

திருதிருவென்று முழிப்பார்கள். நான் விட மாட்டேன். ஒரு கிடங்குக் காவலாளி அரை மணி நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "எந்த லாரிக்கு பிரேக் சரியில்லன்னு எனக்குத்தாங்க தெரியும். அதை மட்டும் சரிவுல நிக்க விட மாட்டேன்" என்றார். அதையே முதல் வரியாகப் போட்டேன். அடுத்த வாரமே வேலை கிடைத்து, சொல்லிவிட்டுப் போக வந்தார்.

சொல்ல வந்தது என் மனைவியைப் பற்றி. அவள் பழைய ஆஸ்பத்திரி ஒன்றின் ஃபைல் ரூமில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். அதிர்ந்து பேச மாட்டாள். காலையில் டிபன் பாக்ஸ், குடை, கைப்பையில் ஒரு சிவப்பு நூல்கண்டு, இவற்றோடு கிளம்பிப் போவாள். ஒருதரம் கேட்டேன்: "வீட்ல தையல் மெஷினே இல்ல. மாசத்துக்கு ஒரு நூல்கண்டு என்னத்துக்கு?" "வேலைக்குங்க" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

என் அப்பா படுக்கையில் விழுந்தபோது, "யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணுமே" என்று சொன்னவன் நான்தான். யாராவது ஒருத்தர் என்றால் யார் என்று அவளுக்குப் புரியாதா? வேலையை விட்டாள். ஏழு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

அப்பா போன மறு வருஷம், புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் ஃபைல் ரூம் பொறுப்பாளர் வேலைக்கு விளம்பரம் வந்தது. வயது வரம்பு நாற்பத்தைந்து. அவளுக்கு அது முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மத்தியானம், நல்ல சேலை உடுத்தி, பேப்பரிலிருந்து கத்தரித்த விளம்பரத்தோடு கடைக்கே வந்து, எல்லோரையும் போல அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதை விட்டா இனிமே எங்கயும் எடுக்க மாட்டாங்கங்க. நல்லா எழுதிக் குடுங்க."

"உனக்கு எழுதறதுக்கு என்ன, பத்து நிமிஷ வேலை."

நிஜமாகவே பத்து நிமிஷம்தான் ஆனது. பதினாறு வருட அனுபவம், கடின உழைப்பாளி, நேர்மையானவர், பொறுமைசாலி. மற்றவர்கள் வாயிலிருந்து வந்தால் பாய்ந்து கடிக்கிற அதே வார்த்தைகளைக் கொஞ்சமும் கூசாமல் தட்டினேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா? ஒண்ணும் கேக்கலையே."

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? கையெழுத்தைப் போடு."

போட்டாள்.

கூப்பிடவே இல்லை. "சிபாரிசு இருக்கறவனுக்குத்தான் குடுப்பானுங்க" என்று ஆஸ்பத்திரிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பரவால்லங்க" என்றாள். இரண்டு மாதம் போனை அடுப்பு மேடையில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சமைத்தாள். பிறந்த நாள் தாண்டியதும் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

போன மாதம் ஒரு நர்ஸ் பெண் கடிதம் எழுதி வாங்க வந்தாள். என் மனைவி வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். சட்டென்று பதில் வந்தது.

"சில பேருக்கு ஊசி மருந்து ஒத்துக்காதுல்லண்ணா, அவங்க ஃபைல்ல சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதைப் பார்க்காம நான் ஊசி எடுக்க மாட்டேன். நான் லீவுன்னா மத்தவங்க அவசரத்துல பார்க்காம விட்டுடுவாங்க."

"நல்ல யோசனையா இருக்கே. யாரோடது?"

"முன்னாடி ஃபைல் ரூம்ல ஒரு அக்கா இருந்தாங்களாம். ஒரே பேர்ல ரெண்டு பேஷன்ட், ஃபைல் மாறிப்போய், ஒத்துக்காத ஊசியைப் போட்டு ஒரு அம்மா செத்துப் பிழைச்சாங்களாம். மறுநாளே அந்த அக்கா சொந்தமா நூல் வாங்கிட்டு வந்து, இருந்த ஃபைலை எல்லாம் ஒவ்வொண்ணாப் பார்த்துக் கட்டினாங்களாம். அதுக்கப்புறம் ஒரு தப்பு நடக்கலன்னு பெரிய டாக்டர் இன்னும் சொல்லுவார்."

அந்தக் கடிதத்தை எப்படியோ எழுதிக் கொடுத்து அனுப்பினேன். இத்தனை வருஷம் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போன நூல்கண்டு அது. ஊரில் யார் யாருக்கோ தோண்டித் துருவி எழுதிக் கொடுத்த மகா கெட்டிக்காரன் நான், சொந்தப் பெண்டாட்டியைப் பற்றி அந்த ஒரு வரி தெரியாமல் இருந்திருக்கிறேன். அவள் கடைசி வாய்ப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"நீ ஒரு நாள் லீவு போட்டா அங்க என்ன கெட்டுப் போயிருக்கும்?"

கை நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எல்லார்கிட்டயும் இதைக் கேட்பீங்கன்னு தெரியும். அன்னிக்கு பஸ்ல வரும்போதே பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கவே இல்ல. சரி, நான் செஞ்சதுல சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றாள். என் சட்டையை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தாள்.