சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன்

எங்கள் லேனில் பித்தளைப் பைப் திருட்டு தொடங்கியபோது முதலில் போனது என் வீட்டு முற்றத்துத் தண்ணீர்ப் பைப்தான். காலையில் பல் துலக்கப் போனவன், சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்தபடி வாயில் பிரஷுடன் நின்றேன். கண்டிக்கு அருகே இந்த அம்பிட்டியவில் குடியேறிய இத்தனை வருடங்களில் ஒரு பலாக்காய்க்கு மேல் எதையும் நான் பறிகொடுத்ததில்லை. ஒரு வாரத்துக்குள் கேமரா வாங்கி முன்கூரையின் மூலையில் பொருத்திவிட்டேன்.

பொருத்த வந்தவர், "இதுல எல்லாம் இருக்குதுங்க சேர்" என்று பட்டியல் ஒன்றை ஒப்பித்தார். எல்லாம் விளங்கியவன்போலத் தலையாட்டினேன். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கண்டி டவுனில் என் அலுவலக மேசையிலிருந்தபடியே போனில் என் லேனைப் பார்க்கலாம்.

அதன்பிறகு நான் பார்த்த அலுவலக வேலையைப் பற்றிச் சொல்லாமலிருப்பது நல்லது. கோப்பைத் திறந்து வைத்து, அதன் நடுவே போனைச் சாய்த்துவைத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். பாண் விற்கிற வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வீட்டு நாய் எந்த வீட்டு வாசலில் காலைத் தூக்குகிறது, யார் வீட்டுக்கு யார் வந்து எவ்வளவு நேரம் இருந்தார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. குற்றத்தைத் தடுக்கிறேன் என்று நம்பினேன். என் மனைவி மட்டும் கறிவேப்பிலை பறிக்க வெளியே போகும்போதும் தலைசீவிக்கொண்டு போகத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். லேன் முழுவதற்கும் அவர் 'டீச்சர்'. ஒருநாள் கேற்றடியில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கேமராவக் கொஞ்சம் உங்க பக்கமாத் திருப்ப ஏலுமா? நான் உடுப்புக் காயப்போடுற இடமெல்லாம் தெரியுது போல."

"டீச்சர், இது உங்களுக்கும் பாதுகாப்புத்தானே. தப்புச் செய்யாதவங்களுக்கு என்ன பயம்?"

"பயம் இல்ல தம்பி. கூச்சம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்றிரவு சாப்பிடும்போது இதை மனைவியிடம் சொல்லி, படித்தவர்களுக்கே விஞ்ஞானம் விளங்கவில்லையே என்று வருத்தப்பட்டேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை டீச்சரின் பைப்பும் காணாமல் போனது தெரியவந்தது; எப்போது போனதென்று அவருக்கே நிச்சயமில்லை. எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க முடியாது. என் கேமராவுக்கு முதல் வழக்கு கிடைத்துவிட்டது. உட்கார்ந்து பதிவுகளைத் தேடினேன். முழு வாரத்தையும் தேட நேரமில்லை. ஆகவே நான் வீட்டில் இல்லாத நேரங்களை மட்டும் பார்த்தேன். நான் இருக்கும்போது எந்தத் திருடன் வருவான்?

வெள்ளிக்கிழமைப் பதிவில் ஆள் அகப்பட்டார். கலஹாவிலிருந்து மெஷினோடு வந்து எங்கள் லேன் வீடுகளில் புல் வெட்டுகிறவர். டீச்சரின் மதிலோரம் நான்கு நிமிடம் நின்று, குனிந்து, எதையோ செய்து, நிமிர்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். அதில் நாற்பது விநாடியை வெட்டியெடுத்து, அவர் முதுகைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, 'அவதானமாக இருக்கவும்' என்று எழுதி லேனின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினேழு பேர் கைகூப்பும் குறி அனுப்பினார்கள். யாரோ அதைப் பொலிஸுக்கும் அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து பின்னேரம் வரை அந்த மனிதரை ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று வீடுகள் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டன. பைப்பைப் பறிகொடுத்த டீச்சர்தான், "அவர் எடுக்கிற ஆள் இல்ல. முழுப் பதிவையும் பாருங்க" என்று பொலிஸில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை மாலை சார்ஜன்ட் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். டீச்சரும் புல் வெட்டுகிறவரும் கூட வந்தார்கள். கதிரையைக் காட்டினேன், புல் வெட்டுகிறவர் உட்காரவில்லை, கதவோரம் நின்றார். மனைவி பிளேன்டீ கொடுத்தாள். போனை டிவியோடு இணைத்து, பெரிய திரையில் வெள்ளிக்கிழமையை ஓடவிட்டேன்.

நான்கு நிமிடத்தையும் முழுதாகப் பார்த்தபோது அவர் குனிந்து கால்சட்டையைச் சுருட்டுவது தெரிந்தது. பையிலிருந்து எதையோ எடுத்துக் காலில் தேய்க்கிறார்.

"அட்டைங்க" என்றார் கதவோரத்திலிருந்து. "மூணு கடிச்சிருந்திச்சு. சவுக்காரம் போட்டேன்."

"சனிக்கிழமையப் பாப்போம்" என்றார் சார்ஜன்ட்.

"சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன்."

"அப்ப நீங்களும் தெரிவீங்க. போடுங்க."

போட்டேன். கேற்றடியில் சாரம் கட்டியபடி நான் போனில் பேசிக்கொண்டு நிற்கிறேன். சார்ஜன்ட் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். என் குரல் அறை முழுவதும் கேட்டது. அந்தக் கேமராவில் 'எல்லாம் இருக்குது' என்று பொருத்த வந்தவர் சொன்னதில் காதும் அடக்கம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கம்பளையிலிருக்கும் என் மச்சானோடு பேசியது அது. "பக்கத்து வீட்டு டீச்சர் இருக்காங்களே, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஒரு ஆட்டோ வந்து ஏத்திட்டுப் போவுது மச்சான். ரெண்டு மணித்தியாலம் கழிச்சித்தான் வர்றாங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா வர பன்னெண்டு மணி. அவ்வளவு செபம் பண்ற அளவுக்கு என்னா பாவம்னு தெரியல." அதன்பின் நான் சிரித்த சிரிப்பும் பதிவாகியிருந்தது.

நிறுத்தும் பொத்தானைத் தேடினேன். தப்பான பொத்தானை அழுத்தியதில் சத்தம்தான் கூடியது.

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். "செவ்வாய்க்கிழமை முழங்காலுக்கு ஆஸ்பத்திரி போறேன் தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

திரையில் அப்போது மோட்டார்சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். செம்மஞ்சள் அங்கி, தோளில் பை, கையில் கொப்பி. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்ததாகச் சிங்களத்தில் சொன்னார். நான் பேச்சை நிறுத்தாமலே டீச்சர் வீட்டுக் கேற்றைக் கையால் காட்டினேன். அது பூட்டியிருக்கிறதோ என்று அவர் தயங்க, நானே போய்க் கொக்கியை எடுத்துவிட்டேன். டீச்சர் அந்நேரம் டவுன் மார்க்கெட்டில் இருந்திருக்கிறார். மீட்டர்காரர் மீட்டருக்குப் பக்கத்திலிருந்த வால்வை மூடி, பைப்பைத் திருகியெடுத்து, பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து எனக்குக் கையசைத்தார். நான் 'ஸ்தூதி' என்று சிங்களத்தில் நன்றி சொன்னேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

வந்தவர் கடைசிவரை தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. தெளிவாகத் தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான்.

"நல்ல கேமரா" என்றார் சார்ஜன்ட், எழும்பிக்கொண்டே.

குழுவில் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். அதற்கு இரண்டு பேர்தான் கைகூப்பினார்கள். கேமராவை என் கேற்றை மட்டும் பார்க்கும்படி திருப்பினேன். டீச்சரிடம் போய் நின்றபோது, "சரி விடுங்க" என்றார். ஆனால் உள்ளே வரச்சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேராதனைக்குப் போய் கலஹா பஸ் ஏறினேன். நானும் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன்தான். துரையின் பங்களாவில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் முதலில் எங்கள் லயத்துக் காம்பிரா அறைகளைத்தான் சோதிப்பார்கள். அதை எத்தனையோ கூட்டங்களில் கோபத்தோடு பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன். சிவப்பு வட்டம் போடும்போது அது எதுவும் ஞாபகம் வரவில்லை.

பஸ்ஸில் தயாரித்த நீண்ட பேச்சு புல் வெட்டுகிறவரின் வாசலில் மூன்று சொல்லோடு நின்றுவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமா வர்றேன் சேர். ஒருநாளும் நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நீங்க என்னைய இவ்வளவு பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது."

திரும்ப வருவீர்களா என்று கேட்டேன். மூன்று வீடுகளும் மறுபடி கூப்பிட்டதாகவும், வருவதாகவும் சொன்னார். "ஆனா ஒண்ணு, நான் வர்ற அன்னிக்கு அந்தக் கேமராவுக்கு ஒரு துணி போட்டுருங்க."

கேமரா இப்போது என் கேற்றை மட்டும்தான் பார்க்கிறது என்று விளக்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வரும் நாளில், அலுவலகத்துக்குப் போகுமுன் ஸ்டூலில் ஏறி, என் பழைய பனியன் ஒன்றைக் கேமராவின் தலையில் மாட்டுகிறேன். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். போன வெள்ளிக்கிழமை டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "காதும் மறைஞ்சிட்டுதா தம்பி?" என்று கேட்டார்.