சூரியனை மறைத்த முறம்

சூரியனைப் பார்க்க ஒரு விண்கலம் கிளம்பிய வருடம் எனக்கு ஒன்பது வயது. அதை எங்கள் அம்மாவுக்காகத்தான் அனுப்புகிறார்கள் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

நான் அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. திருப்புலிவனத்தை அடுத்த எங்கள் ஊரில் நடவென்றாலும் களையென்றாலும் முதல் ஆளாகப் போய் வரப்பில் நிற்கிறவள் அம்மா. அவளுக்குத் திடீரென்று வெயில் ஆகாமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் பட்டாலே மூக்கின் குறுக்கே இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்துவிடும். விரல் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் படுத்துவிடுவாள். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, முகத்தில் வெயில் படவே கூடாது என்று கண்டித்து அனுப்பினார். அப்பா ஜன்னலுக்கெல்லாம் உரச்சாக்கைக் கட்டினார். துணி துவைப்பது, காயப்போடுவது எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு என்றாகிவிட்டது.

அப்பாவுக்கு உத்திரமேரூர் பஜாரில் மோட்டார் காயில் கட்டும் வேலை. கிணற்று மோட்டார் புகைந்துபோனால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் முகர்ந்து பார்த்தே, "ஓல்டேஜ் ஏறிப்பூடுச்சி, காயில் எரிஞ்சி கீது" என்று சொல்லிவிடுவார். அப்புறம் லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரைக் குடைவார், எல்லாம் சரியாகிவிடும். இதைப் பார்த்தே வளர்ந்த எனக்குச் சூரியன் விவகாரம் சுலபமாகப் புரிந்துவிட்டது. மேலே ஓல்டேஜ் ஏறிவிட்டது, கீழே அம்மா எரிகிறாள், பார்த்துவர ஆள் அனுப்புகிறார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

அப்பாவிடம் சொன்னபோது அவர் செப்புக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"போய்ப் பாக்கட்டும்மா. பாத்தாதான இன்னா ரிப்பேருன்னு தெரியும்" என்றார்.

ராக்கெட் கிளம்பிய அன்று வடக்கே கழுத்து வலிக்கப் பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது. அது போய்ச் சேர மாதக்கணக்காகும் என்று டிவியில் சொன்னார்கள். சரி, தூரம் அதிகம் என்று பொறுத்துக்கொண்டேன். அடுத்த வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாடி, உங்க லைன்மேன் எதுவரைக்கும் போயிருக்காரு?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அது தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் வாசலுக்கு ஓடி வெயிலில் கையை நீட்டினேன். அதே சூடு. மறுநாளும் அதே சூடு. பொறுக்காமல் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்டுவிட்டேன்.

"சரி பண்றதுக்கெல்லாம் போகலம்மா. சும்மா பாக்கறதுக்கு மட்டுந்தான்" என்றார் அவர்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு செலவழித்து, இவ்வளவு தூரம் போய், வெறுமனே பார்ப்பதா? டீச்சருக்கு என் முகம் என்ன சொல்லிற்றோ, அருகில் கூப்பிட்டு வகுப்பறை பல்பைப் போட்டார். பல்பையே பார்க்கச் சொன்னார். கண் கூசியது. பிறகு என் டிபன் பாக்ஸ் மூடியை வாங்கி பல்புக்கு முன்னால் பிடித்தார். பின்சுவரில் பல்பை ஒட்டி ஒரு பல்லி இருந்தது தெரிந்தது. அதுவரை அதை நான் பார்க்கவே இல்லை. விண்கலத்துக்குள்ளும் இப்படி ஒரு வட்டத் தகடு இருக்கிறது, சூரியனின் முகத்தை அதனால் மறைத்தால்தான் சுற்றியிருக்கிற மெல்லிய ஒளி கண்ணுக்குத் தெரியும் என்றார். அம்மாவுக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற கோபத்தோடு வீடு திரும்பினேன்.

வீட்டில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அத்தையே வாசலில் பானை வைத்தாள். அம்மா உள்ளே, சாக்குக் கட்டிய இருட்டில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பானை பொங்கி எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு, உள்ளிருந்து அவள் குரல் மட்டும் தனியாக, "பொங்கலோ பொங்கல்" என்று வந்தது. அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்த வருசம் எம் பானைய நாந்தான் வெப்பேன்" என்று இப்போது அம்மா சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

அப்பா பந்தல் போடலாம் என்றார். அத்தை ஒப்பவில்லை.

"சூரியனுக்குப் படைக்கிறத அவுரு கண்ல படாம வெச்சா ஏத்துக்குவாரா? ஏற்கெனவே அவ மேல கோவமா கீறாரு."

குடை? அதுவும் கூடாது என்றாள் அத்தை. சாமிக்கு எதிரில் கறுப்புக் குடையை விரிப்பது அவரை வராதே என்று சொல்வதுபோல் ஆகுமாம். அத்தை கெட்டவள் இல்லை. அம்மாவுக்கு இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்று மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் பயம்.

நான் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துவந்து பல்லிக் கதையைச் சொன்னேன். பானைக்கு வெயில் படட்டும், அம்மா முகத்துக்கு மட்டும் ஒரு வட்டம் போதும் என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்துபோய் முறத்தை எடுத்துவந்தார். புது அரிசி புடைக்கிற முறம். பொங்கலன்று அதற்கும் மஞ்சள் குங்குமம் வைப்பது வழக்கம்தானே? அத்தை முறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேல போனதே மறைச்சிக்கினுதான் பாக்குதா?"

"ஆமா அத்தே."

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டாள்.

பொங்கலன்று வாசலில் சூரியன் கோலம் போட்டு, அதன் நடுவில் அடுப்பு மூட்டினார்கள். அம்மா அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, முக்காட்டோடு வாசலைத் தாண்டினாள். கிழக்குப் பக்கம் சற்றுத் தள்ளி அப்பா இரண்டு கையாலும் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். நிழல் பானைமேல் விழக்கூடாது. வெயில் அம்மா முகத்தில் விழக்கூடாது. அம்மா குனிந்தால் அவரும் முறத்தை இறக்கினார். அவள் விறகைத் தள்ள நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பானையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்பாவின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டது. யாரோ மாற்றிப் பிடிக்க வந்ததற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

நான் மேற்பார்வை பார்த்தேன். யோசனை என்னுடையது இல்லையா? அப்போதுதான் ஒரு பெரிய தவறைக் கண்டுபிடித்தேன். அப்பா சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பானை நுரைத்து எழும்பியது. தெருவிலேயே முதல் குரலாக அம்மா, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். எல்லாரும் சேர்ந்துகொண்டோம். அப்போதும் அப்பா திரும்பவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா நீ! மறைக்கிறதே சூரியனப் பாக்கறதுக்குதான். நீ அம்மாவயே பாத்துக்கினு கீற!"

அத்தை கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். எதிர்வீடும் சிரித்தது. அப்பா அசடு வழிய முறத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்தார். அம்மா அவரை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று பானைப் பக்கம் குனிந்துகொண்டாள். அவளுடைய இரண்டு கன்னமும் சிவந்துவிட்டன.

எனக்கு உயிரே போய்விட்டது. "வெயில் பட்டுடுச்சிப்பா! செரியாப் புடி, செரியாப் புடி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நிழல் அவள் முகத்தைவிட்டு இம்மிகூட நகரவில்லை. அப்புறம் ஏன் சிவந்தது என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.