ஊதுவத்தியும் இட்லி மாவும்

வடநாட்டில், கோல் மார்க்கெட் பக்கம் எங்களுக்குக் கிடைத்திருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எத்தனை இறுக்கிச் சாத்தினாலும் குளிர் உள்ளே வந்துவிடும். ஹீட்டரைப் போட்டால் மீட்டர்தான் ஓடும், அறை சூடாகாது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ஜனவரியில் இரண்டு நாளானாலும் புளிக்காத இட்லி மாவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஜன்னலாகக் காட்டிக்கொண்டு போனார். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று நுழைகிறதாம். சாமிக்கு வாங்கி வைத்த பாக்கெட்டில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. நான் கத்தினேன். "அச்சா, அச்சா, கொஞ்சம் மைதா கொடு" என்றார். பசை காய்ச்சி, பழைய பேப்பரைக் கிழித்து எல்லா இடுக்கிலும் ஒட்டினார். கதவடியில் என் பழைய புடவையைச் சுருட்டி வைத்தார்.

சாயங்காலம் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் போட்டு அணைத்துவிட்டு, "வித்தியாசம் தெரிகிறதா?" என்று நாலு தடவை கேட்டார். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்தியிருந்த நான், "ஒன்றும் தெரியவில்லை" என்றேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

காலையில் பார்த்தால், அறை மூலையில் நான் வைத்திருந்த மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் வழிந்திருந்தது. துடைப்பதற்கு முன் அவரை எழுப்பிக் காட்டினேன். நேரே போய், மிச்சமிருந்த அந்த ஒற்றை ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து மாவுப் பாத்திரத்துக்குக் காட்டினார்.

அன்றைக்கு நான் கத்தவில்லை.